நான் கொடுக்காத டிக்கெட்

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாகி இரண்டு வருடம் போல ஆகியிருந்த நேரம் அது. சிவகாசியில் கிளம்பி, விஸ்வநத்தம் தாண்டி உள்ளே திரும்பி, பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் காட்டுப் பாதை வழியாக ஒரு சின்ன ஊருக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். ஊர்ப் பெயரும் தட எண்ணும் வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஏற்கெனவே என்னை வைத்துச் சிரிக்க அவர்களிடம் போதுமான சங்கதி இருக்கிறது.

எங்கள் பஸ்ஸுக்கு ஒரு நாளில் பல நடைகள். அதில் மதியம் இரண்டு நாற்பது நடை என்றால் எனக்கும் டிரைவருக்கும் தனிப் பிரியம். பட்டாசு வேலை காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஆட்களைக் கூட்டிப் போகவும் கொண்டுவந்து விடவும் கம்பெனி வேன் உண்டு. ஆனால் திரும்பும் வேன் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண்களுக்கு அது ஆகாது. ஊரில் பால்வாடி மூன்றரைக்கு மூடிவிடும். அதனால் அவர்கள் போர்மேனிடம் சொல்லிவைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து சரம் பின்னி, அன்றைய வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு இரண்டரைக்கு வெளியே வந்துவிடுவார்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே எங்கள் பஸ்தான் அவர்களுக்குக் கடிகாரம்.

ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். மூன்று நிறுத்தங்களில் ஏறி முடித்தால் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. எல்லோரும் ஒரேயடியாக ஊருக்குப் போவதும் கிடையாது. ஒருத்தி ரேஷன் கடையில் இறங்கி, நாங்கள் கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வருவதற்குள் அரிசிச் சாக்கோடு நிற்பாள். ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறங்கி மாமியாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த நடையில் ஏறுவாள். ஒரே பெண் ஒரு மத்தியானத்தில் மூன்று தடவை ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆண்கள் அப்படி இல்லை. ஏறினால் ஏறிய இடம், இறங்கினால் இறங்கிய இடம்.

அவர்கள் முதலில் உட்காரவே மாட்டார்கள். கை கால் கழுவிவிட்டு வந்தாலும் சேலையில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். சீட்டில் கறை படும் என்று பயம். பக்கத்தில் மூக்கைப் பொத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. தெரிந்த அச்சாபீஸில் சொல்லி, வீணான தாள் ஒரு கட்டு வாங்கி வந்து, “இத விரிச்சு உக்காருங்க தாயி” என்று கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனையும் காலண்டர் படம். லட்சுமியும் முருகனும் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் மேல் யார் உட்காருவார்கள்? அன்றைக்கும் நின்றுகொண்டேதான் வந்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு. மறுநாள் நோட்டுப் புத்தக அட்டைத் தாள் வாங்கி வந்தேன். பூப் படம், மயில் படம். அதிலிருந்து அவர்களுக்கும் எனக்கும் உறவு ஒட்டிக்கொண்டது. நான் அண்ணன். டிரைவர் என்னைவிட மூத்தவர், அவர் பெரியண்ணன்.

டிரைவருக்கு ஒரு வழக்கம். ஊருக்கு முந்தின வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பால்வாடி டீச்சருக்கு அது அடையாளம். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக வாசலில் வந்து நிற்கும். பஸ் நின்றதும் ஒவ்வொரு அம்மாவாக இறங்க, ஒவ்வொரு பிள்ளையாக ஓடிவரும். அதில் ஒருத்தி, நான்கு வயது இருக்கும், அம்மாவிடம் போவதற்கு முன் என்னிடம் வந்து விசிலை வாங்கி ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் போவாள். அவள் ஊதிய பிறகுதான் வண்டி கிளம்பும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் தப்பு.

பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் டிக்கெட் கொடுத்தாக வேண்டும். மெஷினில் பொத்தானை அழுத்தினால் காசு இல்லாத டிக்கெட் ஒன்று வரும். அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தேன். கை ஈரமும் மருந்துத் தூளும் பட்டு அந்தத் தாள் கசங்கிப் போகும். வைத்துக்கொள்ள அவர்களிடம் பை கிடையாது. கீழே விழும், பஸ் எல்லாம் குப்பையாகும். நாற்பது பெண்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஊடே புகுந்து போகவும் கூச்சமாக இருக்கும். ஒரு நாள் ஒருத்தி சொன்னாள், “எங்களுக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு? தெனமும் பாக்குற மூஞ்சிதான. நீங்க செத்த உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த நடையில் தெரிந்த முகங்களுக்கு டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டேன். புதிதாக ஏறும் பெண்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கொடுப்பேன். அந்த வேளையில் அந்தக் காட்டுப் பாதைக்குச் செக்கிங் யாரும் வரமாட்டார்கள். காலையிலிருந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறோம் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. சில இடங்களில் பெண்களை ஓசி என்று கேலி பேசுவார்கள். என் வாயில் அந்தச் சொல் ஒரு நாளும் வந்தது கிடையாது. அதை நினைத்தும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆடி மாதம் பிறந்தது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட வேண்டும். எங்கள் டிப்போவிலிருந்து சில வண்டிகளை அதற்கு எடுத்தார்கள். எங்கள் வண்டியும் அதில் ஒன்று. மதிய நடைக்கு வேறு வண்டி போடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சாத்தூருக்கும் இருக்கன்குடிக்கும் நானும் டிரைவரும் ஓடிக்கொண்டிருந்தோம். கூட்டம் என்றால் கூட்டம். விசில் ஊதி ஊதித் தொண்டை வறண்டு போனது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை. இருக்கன்குடியில் வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, பின்னால் எடுக்கச் சொல்லி டிரைவருக்கு விசில் கொடுத்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குட்டி மொட்டைத் தலை, சந்தனம் பூசி மஞ்சளாக, நேராக என்னைப் பார்த்து ஓடி வந்தது. யாரென்றே முதலில் தெரியவில்லை. என் விரலைப் பிடித்து விசிலை இழுத்ததும்தான் தெரிந்தது. நம்ம விசில்காரி.

“மாமா, நீ ஏன் வண்டி கொண்டு வரல?” என்று கேட்டாள். “நான் ரோட்டுக்கு வந்து பாத்தேனே.”

எனக்குப் புரியவில்லை. பின்னாலேயே அவள் அம்மாவும், கூட ஊர்ப் பெண்கள் மூன்று நான்கு பேரும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலரத்தான் செய்தது. ஆனால் சட்டென்று அதை மடக்கி உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. “நல்லா இருக்கீகளாண்ணே” என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தார்கள். எப்போதும் என்னை வம்புக்கிழுக்கிறவர்கள் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம்? நான் விடவில்லை. டீக்கடை ஓரம் நிறுத்தி, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

அவள் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். நாங்கள் ஸ்பெஷலுக்கு வந்த அன்றே மதிய நடை நின்றுபோயிருக்கிறது. வேறு வண்டி எதுவும் வரவில்லை. முதல் நாள் நாற்பது பேரும் வெயிலில் நாலு மணி வரைக்கும் நின்றிருக்கிறார்கள். டிப்போவில் விசாரித்தால், அந்த நடையில் ஆளே ஏறுவதில்லை, அதனால் எடுத்தாயிற்று, ஆடி முடிந்தாலும் வராது என்று பதில். சிலர் ஐந்தரை வேனுக்கு மாறிக்கொண்டார்கள். சிலர் வேலையை விட்டார்கள். இவள் நடந்தே வர ஆரம்பித்தாள். நாலு கிலோமீட்டர்.

மூன்றாம் நாளும், மூன்று மணி தாண்டியும் ஹாரன் கேட்கவில்லை. டீச்சர் இன்னொரு பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் மகள் பையை மாட்டிக்கொண்டு தானாக வாசலைத் தாண்டிவிட்டாள். பஸ் வழி தெரியாமல் நின்றுவிட்டது, கூட்டி வரலாம் என்று நினைத்தாளாம். வளைவு வரைக்கும் போய் ரோட்டின் நடுவிலேயே நின்றிருக்கிறாள். அந்தப் பக்கமிருந்து அட்டைப் பெட்டி லோடு ஏற்றிய லாரி வளைவில் திரும்பியது. டிரைவர் போட்ட பிரேக்கில் மேலே இருந்த கட்டு இரண்டு சரிந்து விழுந்ததாம். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். அந்த லாரி டிரைவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பால்வாடியைத் தேடி வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அப்போது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு மொட்டை போட வந்திருந்தாள்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. ஆள் ஏறுவதில்லை என்று எப்படிச் சொன்னார்கள்? நாற்பது பேர் ஏறுகிற நடை. நான் அதைத்தான் கேட்டேன். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தி, வேறு பேச்சுப் பேசலாம் என்கிற மாதிரி, தேங்காய்ப் பையைத் தூக்கினாள். பிள்ளையின் அம்மாவுக்குத்தான் என்னிடம் பொய் சொல்ல வரவில்லை.

“மெசின்ல நாங்க இல்லையாம்ணே” என்றாள். “விடுங்க. அது ஒண்ணுமில்ல.”

என் தோளில் தொங்கிக்கொண்டிருந்த மெஷின் அப்போது கனத்த கனம் எனக்குத்தான் தெரியும்.

மீதியை நான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். எட்டுப் பேர் ஒரு திங்கட்கிழமை வேலையைப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, சூலக்கரையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். கையில் இருந்த தாளைப் பார்த்து, இந்த நடையில் பெண்கள் ஐந்து பேர்தான் வருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் நாற்பது பேர் என்றிருக்கிறார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, அப்படியென்றால் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதில்லையா என்று கேட்டிருக்கிறார்.

எட்டுப் பேருக்கும் அந்த இடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பஸ் வந்துவிடும். ஆனால் என் தலை உருளும். எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லையாம். பிறகு இவள்தான், பிள்ளை லாரிக்கு முன்னால் நின்ற நாலாம் நாள், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவள், அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள்: “குடுப்பாரு சார். ஒழுங்காக் குடுப்பாரு.”

அதிகாரி என்ன செய்வார்? நாற்பது என்பது மிகைப்படுத்திச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு, பரிசீலிக்கிறோம் என்று எழுதி அனுப்பிவிட்டார். வரும் வழியெல்லாம் இவர்களுக்குள் சண்டையாம். கடைசியில், இது எனக்குத் தெரியக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டார்கள்.

“ஏன் தாயி அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“எங்கள உக்கார வச்சது நீங்கதானண்ணே” என்றாள். “வேற என்ன சொல்லச் சொல்றீக?”

கூட்டத்துக்கு நடுவில், யூனிபாரத்தோடு, நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை. அந்தக் குட்டி மொட்டை என் விசிலை ஊதிக்கொண்டே இருந்தாள். எங்கள் டிரைவர் பாவம், கண்டக்டர்தான் விசில் கொடுக்கிறான் என்று நினைத்து வண்டியை இரண்டு தடவை முன்னாலும் பின்னாலும் எடுத்தார்.

மறுநாள் காலையில், அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் பார்த்துச் செய்தது இப்படி ஆகிவிட்டதே என்றேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சாவகாசமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆம்பளையாளுக எத்தன பேருக்கு இப்படி டிக்கெட் குடுக்காம விட்டீக?”

ஒருத்தருக்கும் இல்லை. அதே பஸ்ஸில், அதே நெருக்கடியில், பின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிற ஆணைக்கூட எட்டிப் பிடித்துக் கையில் டிக்கெட்டைத் திணித்திருக்கிறேன். அங்கே கூச்சம் வரவில்லை, குப்பையைப் பற்றிய கவலையும் வரவில்லை. காசு கொடுக்கிறவர்தான் பயணி, மற்றவர்கள் கூட வருகிறவர்கள் என்று என் புத்திக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. ஓசி என்று நான் வாயால் சொல்லவில்லை. என் கை அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த தோசை ஆறிப்போனது. அவள் அதை எடுத்துவிட்டு வேறு சூடாக வைத்தாள். அதுதான் அவள் சொன்ன ஆறுதல்.

மேனேஜரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, நடைய மட்டும் கேளு. டிக்கெட்ட இழுக்காத. மெமோ குடுத்துருவாக” என்றார். அவர் சொன்னது என் நல்லதுக்குத்தான். டிக்கெட்டைச் சொல்லாமல் நடையை எப்படிக் கேட்பது? அதே பொய்யை அந்தப் பெண்கள் எனக்காகச் சொல்லித்தானே தோற்றுப்போய் வந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். ஒவ்வொரு தடம், ஒவ்வொரு நடை, அதில் எத்தனை ஆண், எத்தனை பெண். எங்கள் இரண்டு நாற்பதைத் தேடினேன். ஆண்கள் ஒன்பது, பெண்கள் ஐந்து என்று இருந்தது. ஆடிக்கு வண்டி வேண்டும், எந்த நடையை எடுக்கலாம் என்று அந்தத் தாளை என்னிடம் கொடுத்திருந்தால் நானும் அதே நடையைத்தான் எடுத்திருப்பேன். காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஆள் ஏறுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மதியம் இரண்டு நாற்பதுக்கு, தூளும் வியர்வையுமாக, பிள்ளையைக் கூப்பிட ஓடுகிறவர்கள் இருப்பார்கள் என்பது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எந்த ஆணுக்குத் தோன்றும்? தோன்றவைக்கத்தான் அந்த மெஷின் இருந்தது. அதை நான் தோளில் சும்மா தொங்கப்போட்டிருந்தேன்.

“நீங்க அவுகள வண்டியில ஏத்துனீக” என்றார் மேனேஜர். “பேப்பர்ல ஏத்தல. எனக்கு வர்றது பேப்பர் மட்டுந்தான்யா.”

எழுதிக் கொடுத்துவிட்டதால் இனி அவரால் கண்டும் காணாமல் விட முடியாது என்றும் சொன்னார். மெமோ வந்தது. இன்கிரிமென்ட் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதே கையோடு, ஆடி முடிந்ததும் அந்த நடையை ஒரு மாதம் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், ஆள் ஏறினால் நிலைக்கும், இல்லையென்றால் எடுத்துவிடலாம் என்று மேலே எழுதி அனுமதி வாங்கித் தந்தவரும் அவர்தான். அந்த ஒரு மாதத்துக்கு என்னையே போட்டார். வேறு ஆளைப் போட வேண்டியதுதானே என்று சிலர் கேட்டார்களாம். அவன்தான் ஒரு ஆளைக்கூட விடமாட்டான் என்று சொன்னாராம்.

முதல் நாள். இரண்டு நாற்பதுக்கு வண்டியைத் திருப்பினோம். முதல் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலையை விட்டவர்கள் விட்டதுதானே. இரண்டாவது நிறுத்தத்தில் கூட்டம் தெரிந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். பிள்ளையை ஒரு மாதம் கண்ணில் வைத்துக் காத்துவிட்டு, அன்றைக்குத்தான் திரும்ப வேலைக்கு வந்திருந்தாள். படியேறும்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

“நாங்க எட்டுப் பேரும் பொத்திப் பொத்தி வச்சத நீங்களே போய்ப் போட்டு ஒடச்சிட்டீகளேண்ணே.”

“கைய நீட்டு தாயி” என்றேன். நீட்டினாள். பொத்தானை அழுத்தி, டிக்கெட்டைக் கிழித்து, அவள் உள்ளங்கையில் வைத்தேன். கையில் வெள்ளித் தூள் அப்படியே இருந்தது. தாளில் பெருவிரல் அச்சு விழுந்தது.

அதன் பிறகு ஊடே புகுந்து ஒவ்வொருவராகப் போனேன். கேலிக்குக் குறைவில்லை. அண்ணனுக்கு இப்பத்தான் கை முளைத்திருக்கிறது என்றாள் ஒருத்தி. டிக்கெட்டில் தன் பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னாள் இன்னொருத்தி; அதில் பெயரே இருக்காது. முப்பத்தி ஒன்றாவது டிக்கெட்டில் மெஷினில் தாள் சுருள் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சுருளைப் பையில் தேடினால் கைக்குச் சிக்கவில்லை. முதல் ஆள் இறங்கும் ரேஷன் கடை நெருங்கிக்கொண்டிருந்தது. என் பதற்றத்தைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், ஒன்றும் கேட்காமல், ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். “எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டுச் சொல்லு மாப்ள” என்றார்.

மாற்றுச் சுருள் என் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் இருந்தது. போட்டேன். கடைசிச் சீட்டில் மயில் படத்தாளை விரித்து உட்கார்ந்திருந்த பெண் வரைக்கும் கொடுத்து முடித்தேன். பஸ் பேசாமல் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு டிக்கெட்கூடக் கீழே விழவில்லை. சிலர் முந்தானை நுனியில் முடிந்திருந்தார்கள். சிலர் கையிலேயே பிடித்திருந்தார்கள். அப்போதுதான் விசில் கொடுத்தேன்.

வளைவு வந்தது. டிரைவர் இரண்டு ஹாரன் அடித்தார். அடித்தவர் நிறுத்தவில்லை, மூன்று, நாலு என்று அடித்துக்கொண்டே போனார். பால்வாடி வாசலில் பிள்ளைகள் பையோடு நின்றன. நடுவில் கால் அங்குலம் முடி முளைத்த ஒரு தலை. ஒரு மாதம் கழித்து வந்த வண்டியைப் பார்த்ததும் அவள் அம்மாவிடமும் போகவில்லை, விசிலையும் கேட்கவில்லை. அம்மா கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் கை நீட்டினாள். அவள் வயசுக்கு டிக்கெட் கிடையாது. ஆனாலும் நான் மெஷினைத் திறந்து, சுருள் நுனியில் எதுவும் அச்சாகாத வெள்ளைத் தாள் ஒரு விரல்கடை கிழித்து அவள் கையில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் போனாள்.

அந்த நடை நிலைத்துவிட்டது. நான் வேறு தடத்துக்கு மாறி வந்து வருடமாகிறது. இரண்டு நாற்பது இன்றும் ஓடுகிறது என்று கேள்வி. பாவம் பார்த்து விட்டுவிடுவதற்கும் ஒரு ஆளாக எண்ணுவதற்கும் எவ்வளவு தூரம் என்பது, வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. என்னால் கணக்கில் இல்லாமல் போனவர்கள், தங்கள் பஸ்ஸையே விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றினார்கள்; இன்றைக்கும் ஒரு பெண் என் பஸ்ஸில் ஏறி, “எனக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு” என்று சொன்னால், ஒரு சந்தனத் தலை வளைவில் தனியாக நின்று பஸ்ஸைத் தேடுவதுதான் கண்ணில் வருகிறது, கை தானாகப் பொத்தானுக்குப் போய்விடுகிறது.